அம்மா சொன்ன ஆமா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி மூட்டுவலியில் முடிகிறது. நடுவில் யாராவது ஒருவர் தன் அம்மாவைப் பற்றி ஆரம்பிப்பார். எப்படிப் பேசுவாள், தெருவையே எப்படி வாயால் அடக்கினாள் என்று. என் முறை வரும்போது காபி போட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுவேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். இந்த முறை எழுந்திருக்கப் போவதில்லை. எழுதியே விடுகிறேன்.

என் அம்மாவும் வாயால் அடக்கியவள்தான். மாமல்லபுரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு ஆயா. தகரக் கூரை போட்ட கொட்டகை, மூன்று கல் அடுப்பு, ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கிற அளவுக்கு ஒரு அலுமினிய அண்டா. பக்கத்துப் பட்டறையில் நாலைந்து உளிகள் ஒரே நேரத்தில் கல்லை அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை மீறி அவள் குரல் மூன்றாம் வகுப்புவரை கேட்கும்.

நூற்று நாற்பது பிள்ளைகள். அத்தனை பேர் பெயரும் அவளுக்குத் தெரியும். யாருக்குக் காரம் ஆகாது, யார் முட்டையை டவுசர் பையில் போட்டுத் தங்கைக்குக் கொண்டுபோவான் என்பதும் தெரியும். ஒரு கரண்டிக்கு ஒரு வாக்கியம் என்று கணக்கு. "ஏய், நெளியாம நில்லு." "நேத்து இன்னாடா வரல? காய்ச்சலா? கிட்ட வா, நெத்தியக் காட்டு." நான் தட்டை நீட்டும்போது மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். சொந்தப் பிள்ளைக்கு அதிகம் போட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். கல்பாக்கத்தில் ஊழியர்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸை ஓட்டினார். காக்கிச் சட்டையும் தலையில் தேங்காய் எண்ணெயுமாக விடியற்காலையில் கிளம்புவார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நைனா. அதனால் அலுவலகத்து ஆட்கள், டாக்டர்கள், வாத்தியார்கள் யாராவது பேசினால் கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்பார். என்ன சொன்னார்கள் என்று பிறகு கேட்டால் பாதி தெரியாது. அதனால் வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அம்மாதான் பேசினாள்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஐப்பசி மழையில் தம்பி பிறந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா தலை வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். "போதும், ஸ்கூலுக்கு நேரமாவுது, கெளம்பு" என்றாள். அவள் என்னிடம் முழுசாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது. நான் பைக்கட்டை மாட்டுவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. வாயோரம் நுரை தள்ளியது. எதிர்வீட்டம்மா ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். யாரோ டாக்சி கொண்டுவந்தார்கள்.

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். நைனாவின் அக்கா, என் அத்தை, படாளத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பாயைப் போட்டுத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். புட்டிப்பால் கரைத்து ஊற்றினாள். அந்த மூன்று வாரமும் அவள் முதுகைத் தரையில் சாய்த்து நான் பார்த்ததில்லை. இதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். பின்னால் அவள் செய்ததை மட்டும் கேட்டால் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அம்மாவின் வலது கை தொங்கிப்போயிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பத்து நாள் வாயே திறக்கவில்லை. பதினோராவது நாள் தம்பியைக் காட்டி முதல் வார்த்தை சொன்னாள்.

"சாவி."

அத்தை தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேடினாள். "எந்தச் சாவிமே? பொட்டிச் சாவியா? வூட்டுச் சாவியா?"

"சாவி, சாவி" என்று அம்மா தம்பியின் காலைத் தொட்டாள். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, அது தப்பு என்று தெரிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். நைனாவைக் கூப்பிட்டு நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். "மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு இப்படி வரும். பேச்சு வர்ற இடத்துல அடி. புத்தி அப்படியே இருக்கு. நீங்க பேசறது புரியும், பதில் வார்த்தைதான் மாறி மாறி வரும். விடாம பேசிகிட்டே இருங்க." நைனா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்றார். மாத்திரை மூன்று வேளை என்பது மட்டும் அவர் தலையில் தங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் தங்கியது. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணை யார் கேட்கிறார்கள்?

அதற்கு அஃபேசியா என்று பெயர் என்பதைப் போன வருடம்தான் என் மகள் போனில் தேடிக் காட்டினாள். அப்போது எங்கள் தெருவில் அதற்குப் பைத்தியம் என்று பெயர். பிள்ளை பெற்ற உடம்பில் காத்து சேர்ந்துவிட்டது என்றும் சொன்னார்கள். எதிர்வீட்டம்மா செவிடரிடம் கத்துவதுபோல அம்மாவின் காதருகே வந்து, "சாப்ட்டியா? சோ...று! சாப்ட்டியா?" என்பாள். நைனா சிலேட்டு வாங்கிவந்து அ, ஆ எழுதி முன்னால் வைத்தார். அம்மா அந்தச் சிலேட்டைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு திமிர் என்றும் ஒரு பெயர் சேர்ந்தது. அது இப்படி. அடுத்த வீட்டில் பொம்மைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுக்குக் காது கேட்காது என்பதுபோல நைனாவிடம், "இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற அண்ணாத்த? ஏர்வாடி பக்கம் கொண்டுபோயி வுடு" என்றார். அம்மா தலையைத் திருப்பினாள். "போடா, கஸ்மாலம்! பேமானி!" என்றாள். பழைய குரல், பழைய அழுத்தம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. கோபத்தில் வருகிற வசவும், ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதும், இந்த மாதிரி ஆட்களுக்குத் தானாக வந்துவிடும் என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? "பாத்தியா, நல்லாத்தான் பேசுது. வேலை செய்யாம குந்திகினு இருக்க நடிக்குது" என்றார்கள்.

எனக்கு மட்டும் அது ஒரு விளையாட்டுப்போல ஆகியிருந்தது. நான் டம்ளர். தம்பி சாவி. தண்ணீர் வெள்ளிக்கிழமை. நைனாவுக்கு நாளுக்கொரு பெயர். சில நாட்களில் தண்ணீரும் மாறிவிடும். அப்போது அவள் கண் போகிற திசையைப் பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்த்தை இருந்தது. "ஆமா." அது மட்டும் முட்டாமல் வரும். வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. வித்தியாசம் வாயில் இருக்காது, ஆரம்பத்தில் தலையாட்டலிலும் இருக்காது. நல்லாயிருந்த இடது கையில் இருக்கும். வேண்டும் என்றால் உள்ளங்கை விரியும். வேண்டாம் என்றால் கைக்கு எது கிடைக்கிறதோ, பாயோ புடவையோ என் பாவாடையோ, அதைப் பிடித்து இறுக்குவாள். இதை நான் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் அத்தை வந்தாள். பஸ் விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். அம்மா ஒரு கையால் தம்பியைத் தூளியிலிருந்து எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். அவன் தலை ஒரு பக்கம் சரிந்தது. அத்தை பாய்ந்து பிடித்தாள்.

"இதோ பாரு" என்றாள் அம்மாவிடம். "நான் சொல்றத நல்லா கேளு. ஒத்தக் கையால தூக்கிகினு கீற. கீழ போட்டுட்டா இன்னா ஆவும்? நீ தேறி வர்ற வரைக்கும் புள்ள எங்கிட்ட இருக்கட்டும். படாளம் இன்னா சீமையிலயா கீது? கொண்டுகினு போறேன். சம்மதமா?"

"ஆமா" என்றாள் அம்மா.

"சம்மதம்தானே?"

"ஆமா! ஆமா! ஆமா!" ஒவ்வொரு ஆமாவும் முந்தியதைவிடச் சத்தமாக வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. இடது கை தூளிச் சேலையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிய முறுக்கில் உத்திரத்துக் கொக்கி கிறீச்சிட்டது.

"அவளே சொல்ட்டா பாரு" என்றாள் அத்தை நைனாவிடம். நைனா தலையைக் குனிந்துகொண்டு "சரிக்கா" என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்தக் கையைப் பார்த்தேன். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தம்பி பிறந்ததிலிருந்து நான் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பால் குடிக்க அவனை அம்மாவின் மடியில் தூக்கி வைக்க, துணி அலச, அம்மாவுக்குத் தலை வார நான்தான். அரைப் பரீட்சையை எழுதவே இல்லை. டீச்சர் இனி என்னை மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பேன் என்று சொல்லியிருந்தார். தம்பி போனால் நான் பள்ளிக்கூடம் போகலாம். அவ்வளவுதான். அத்தை ஒயர் கூடையில் அவன் துணிகளை அடுக்கியபோது நானே பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். வந்த பஸ் திரும்புவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

அன்றையிலிருந்து தூளி காலியாகத் தொங்கியது. அவிழ்க்க நைனா போனபோது அம்மா வசவு சொன்னாள். விட்டுவிட்டார்.

பால் கட்டிக்கொள்ளும், மல்லிப்பூவை வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று எதிர்வீட்டம்மா இரண்டு முழம் மல்லி கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கி என் தலையில் வைத்துவிட்டாள். தினமும் காலையிலும் மாலையிலும் புறக்கடைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். இடது கையால் பாலைப் பீய்ச்சி ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடிப்பாள். அதைச் செம்பருத்திச் செடியின் வேரில் ஊற்றுவாள். அரை மணி நேரம் ஆகும். வியர்த்துக் கொட்டும். இது என்ன வேலை என்று அப்போது எனக்கு அருவருப்பாகக்கூட இருந்தது. பார்த்த பெண்கள், "புத்தி இருந்தா இப்படிச் செய்வாளா?" என்று வாயில் கை வைத்தார்கள். பீய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் பால் வற்றாது என்பது எனக்குப் பிள்ளை பிறந்தபோதுதான் புரிந்தது. தம்பி இல்லாத நாற்பது நாளும் அவள் ஒரு வேளை தவறவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் என்னைப் பிடித்து இழுத்துத் தூளிக்குக் கீழே உட்கார வைத்தாள். மேலே கொக்கியைக் காட்டினாள். "சாவி" என்றாள்.

"தம்பியா?"

உள்ளங்கை விரிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ வேணான்னுதான் சொன்ன. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல" என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். நடு உச்சியில் ஒரு குட்டு வைத்தாள். நல்ல வலி. பிறகு அதே கையால் என் தலையை இழுத்து வயிற்றில் புதைத்துக்கொண்டாள். அப்படியே இருந்துவிட்டு, எழுந்து போய் அத்தை மறந்துவிட்டுப்போன சுருக்குப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வாயைக் குவித்தாள். ஊர்ப் பெயர் வேண்டும் என்கிறாள்.

"படாளம்" என்றேன்.

"படம்" என்றாள். இல்லை என்று தானே தலையசைத்தாள். "பட்டாணி." மறுபடி தலையசைத்தாள். பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது, அரிசி களையும்போது, பத்து நாள் இதே வேலை. படம், பட்டாணி, பட்டணம், படகு. ஒரு தடவை சரியாக வந்தது. நான் கைதட்டினேன். அடுத்த நொடி போய்விட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மறுபடி ஆரம்பித்தாள். முன்பு நூற்று நாற்பது பெயர்களைச் சொன்ன வாய் அது. ஒரே ஒரு ஊரின் பெயருக்காக அவள் மல்லுக்கட்டியதை நான் வேடிக்கைபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நைனா டூட்டிக்குப் போனதும் கிளம்பினோம். நைனாவின் சிலேட்டில் நான் எழுதி வைத்தேன்: 'அம்மாவும் நானும் அத்தை வீட்டுக்குப் போகிறோம். பயப்படாதே.' அம்மா பச்சை வாயில் சேலை கட்டி, இடது கையாலேயே கொசுவம் வைத்திருந்தாள். கொஞ்சம் கோணல். நான் சரிசெய்யப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "எங்கமா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையை அழுத்தினாள். "சாவி" என்றாள்.

"இன்னா சாவி? எங்க போவணும், ஊரச் சொல்லும்மா."

"வெள்ளி... சாவி..."

பின்சீட்டிலிருந்து ஒருவன், "அண்ணாத்த, அது லூசு போல கீது. பூஞ்சேரில எறக்கி வுடு" என்றான்.

அம்மா திரும்பினாள். "மூடுறா, பேமானி!"

பஸ் மொத்தமும் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார். "லூசு இல்லப்பா, தெளிவாத்தான் கீது." அம்மா அவர் பையைத் தட்டினாள். அவர் வாயைக் காட்டி, நீ சொல்லு என்பதுபோல விரலை ஆட்டினாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு என்ன தோன்றியதோ, "பூஞ்சேரியா?" என்றார். அவள் அசையவில்லை. "திருக்கழுக்குன்றம்?" அசையவில்லை. "செங்கல்பட்டு?" முன்சீட்டுக் கம்பியில் ஓங்கி ஒரு தட்டு. "அப்டி சொல்லு தாயி" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

செங்கல்பட்டில் மதுராந்தகம் பஸ் ஏறினோம். இந்தக் கண்டக்டர் வயதானவர், களைத்துப்போயிருந்தார். எங்களைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மூச்சை இழுத்துவிட்டாள்.

"படாளம்" என்றாள்.

அவர் இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமேயில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பாலாற்றுப் பாலம் முழுக்க அது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

படாளத்தில் இறங்கியதும் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து கரும்புப்பாகின் புளித்த வாசனை வந்தது. அத்தை வாசலில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யார்கூட வந்தீங்க?"

"நாங்க ரெண்டு பேருதான்" என்றேன்.

அம்மா இடது கையை நீட்டினாள். தம்பி அவளைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். வீறிட்டு அழுது அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாற்பது நாள் அவன் வயதுக்குப் பெரிய காலம். அம்மாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோபமில்லாமல்தான் கேட்டாள். "நீயே சொல்லு. நாளைக்கு இவனுக்கு மூச்சு வாங்குதுனு வெச்சிக்கோ. ஊட்டுக்காரனும் இல்ல, பொண்ணும் ஸ்கூலுக்குப் போய்ட்ச்சி. தெருவுல ஓடிப்போயி இன்னான்னு கூப்புடுவ? சாவின்னா? எவன் வருவான்?"

அந்தக் கேள்வியில் தப்பில்லை.  அம்மா பிள்ளையைப் பிடுங்கவில்லை. வாசல் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டாள். தம்பியின் துணிகளை வாங்கி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இடது கையால் பிழிந்து காயப்போட்டாள். அவன் அழும்போது மட்டும் தலை தூக்கிப் பார்ப்பாள். அன்று முழுக்க அவனை நெருங்கவில்லை.

மறுநாள் அத்தை கரும்பு வெட்டப் போக வேண்டியிருந்தது. தன் மூத்த மகளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கெல்லாம் பசியில் அலற ஆரம்பித்தான். புட்டியைத் தள்ளித் தள்ளிவிட்டான். அத்தை மகள் பதினைந்து வயதுப் பெண். திணறிப்போய் அவனை அம்மாவின் மடியில் போட்டுவிட்டாள். அம்மா அவசரப்படவில்லை. சுவரில் சாய்ந்து, முட்டியை மடக்கி, அவன் தலையைத் தொடையில் நிறுத்தி, விழாமல் முந்தானையால் தன்னோடு சேர்த்துக் கட்டினாள். இதையும் அவள் பல நாள் யோசித்து வைத்திருக்க வேண்டும். அவன் இரண்டு தடவை முகத்தைத் திருப்பினான். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டான். அழுகை பாதியிலேயே நின்றுபோனது. குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நடுப்பகலில் அத்தை அரிவாளோடு வந்தபோது அவன் அந்தக் கட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை குனிந்து பார்த்தாள்.

"பாலு கீதா உனக்கு இன்னும்?"

"ஆமா." உள்ளங்கை விரிந்தது.

செம்பருத்திச் செடியைப் பற்றி நான் சொன்னேன். காலையும் மாலையும் என்றேன். அத்தை கரும்புச் சோகை ஒட்டிய கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

சிலேட்டைப் பார்த்த ராத்திரி பஸ் கிடைக்காத நைனா, சாயங்காலம் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். முகம் பேயறைந்ததுபோல இருந்தது. அம்மாவைத் திட்டவில்லை. அத்தையைப் பார்த்து, "அக்கா, இவன் இங்கயே இருக்கட்டும். இத்த மட்டும் நான் இட்டுகினு போறேன்" என்றார். அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்ற? புள்ள இங்க இருக்கட்டுமா?"

அம்மாவின் வாய் திறந்தது. "ஆ..." என்று வந்தது. வரப்போகும் வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று இடது கையால் தன் வாயையே பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே தலையை ஆட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. நிறுத்தவில்லை.

"வேணாங்கறாங்க" என்று நான் கத்தினேன். "அன்னிக்கும் வேணான்னுதான் சொன்னாங்க. ஆமான்னு வாய்தான் சொல்லிச்சி. கை வேணான்னிச்சி. நான் பாத்தேன்."

நைனா என்னைப் பார்த்தார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நான் ஸ்கூலுக்குப் போணும்னுதான் சொல்லல."

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நைனா போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். "வேணாமா?" என்றார். அவள் வாயிலிருந்து கையை எடுக்காமலேயே தலையாட்டினாள். "சரி, வேணாம்" என்றார்.

அத்தை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "புள்ளைய தனியா அனுப்ப மாட்டேன். நானும் வர்றேன். பத்து நாளு கூட இருந்து பாத்துட்டுத்தான் வருவேன்" என்றாள்.

வந்தாள். வந்த மறுநாளே, தன் கேள்விக்குத் தானே பதில் செய்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எதிர்வீட்டம்மா, பொம்மைக் கடைக்காரர், ஒருவரையும் விடவில்லை. "இதோ பாருங்க. இவளுக்குப் புத்தி உங்களவிட ஜாஸ்தி. வார்த்ததான் மாறிப் பூடும். இவ வந்து சாவின்னா புள்ளைக்கு ஏதோ ஆயிட்ச்சின்னு அர்த்தம். போட்டது போட்டபடி ஓடி வரணும். புரியுதா?" டாக்டரம்மா சொல்லி நாங்கள் யாரும் செய்யாததை, எழுதப் படிக்கத் தெரியாத அத்தை ஒரே மாலையில் செய்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் தம்பிக்கு மாந்தம் வந்து இழுத்தபோது, அம்மா தெருவில் நின்று "சாவி" என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். ஆறு பேர் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் பொம்மைக் கடைக்காரர். இப்போது தம்பிக்கு வழுக்கை விழுந்துவிட்டது. பழைய ஆட்கள் அவனை இன்னும் சாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அம்மாவுக்குப் பேச்சு முழுசாகத் திரும்பவே இல்லை. ஒரு கை நிறைய வார்த்தைகள் திரும்பின. இரண்டு வருடம் கழித்துச் சத்துணவுக் கொட்டகைக்கே திரும்பிப் போனாள். கரண்டியை இடது கையில் பிடித்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தட்டை நீட்டும்போது தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவாள். பிள்ளை தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சோறு. நூற்று நாற்பது பேரும் கத்திக் கத்திப் பெயரைச் சொல்லுவார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பாள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்தாள். அத்தை மாதம் ஒரு தடவை வந்துபோவாள். ஒருத்தி ஓயாமல் பேசுவாள். இன்னொருத்தி ஆமா, ஆமா என்பாள். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கே தெரியாத எத்தனையோ விஷயங்களை அத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று இருப்பது அத்தை வந்து தங்கிய அந்த முதல் பத்து நாளில் கடைசி நாள். அத்தை ஊருக்குக் கிளம்ப வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பேச்சுவாக்கில், தான் கடலைப் பார்த்ததே இல்லை என்றாள். இத்தனை கிட்டத்தில் இருக்கிற படாளத்தில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயது வரை பார்த்ததில்லை. வேலையில்லாத நாள் என்று ஒன்று இருந்திருந்தால்தானே வந்து பார்க்க? அம்மா உடனே எழுந்து அவள் கையைப் பிடித்தாள். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி, காயப்போட்ட வலைகளைத் தாண்டி நடந்தோம். காலை இழுத்து இழுத்து அம்மா முன்னால் போனாள். மணல்மேடு ஏறியதும் எதிரே விரிந்தது.

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அடேங்கப்பா! இன்னாமே இது, இம்மாந்தண்ணி!"

அம்மா அதற்குப் பெயர் சொல்ல ஆசைப்பட்டாள். தினம் பார்த்த கடல், அதை அவள்தானே அத்தைக்குக் காட்டுகிறாள். வாயைக் குவித்தாள். தேடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சோறு" என்றாள்.

சொன்ன உடனே அவளுக்கே தெரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. கண்ணை மூடப்போனாள்.

அத்தை அவளைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். "ஆமாமே" என்றாள். "சோறுதான். பொங்கி வழியுது பாரு. எத்தினி பேருக்கு ஆக்கி வெச்சிக்கீறாங்களோ!"

அம்மா மூடப்போன கண்ணைத் திறந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மணலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினாள். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டாங்க" என்றாள்.